பொய்வளையம்

ஓக் கட்டை கணக்கை ஒப்புவித்துவிடும்.
டொக்யார்டில் பழைய இறங்குதுறையைக் கிளறியபோது
சேற்றோடு ஏறிவந்த துண்டு.
ஈரப் பத்திரிகையில் சுற்றி முபாரிஸ் கொண்டுவந்தான்.
எந்தக் குளிர்நாட்டில் நின்றதோ,
தேய்த்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால்
ஒவ்வோர் இளவேனிலுக்கும் ஒரு வரிசை பெரிய துளைகள்,
பிறகு நெருக்கம்,
பிறகு கோடு.
நூற்றுப் பதினொன்று.
தேத்தண்ணி ஆறமுன் எண்ணி முடித்தேன்.

சாவண்டலை அப்படியில்லை.
மர வியாபாரிகளின் பட்டியலில்
அதற்கு எங்கள் ஊர்ப்பெயர்: திருகோணமலை மரம்.
அதனாலோ என்னவோ
கேட்டவுடன் பதில் சொல்லாது.

பன்குளம் தாண்டிக் காட்டுக்குள்
நீல நைலோன் கயிற்றால் பன்னிரண்டு சதுரம் பிரித்தோம்.
ஏழாவதன் கயிறு காணாமல்போனது.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
யானை என்று எழுதினேன்.
வீரை முப்பத்தொன்று. பாலை நான்கு.
முதிரை, அடிக்கட்டையாக மட்டும், ஒன்பது.
சாவண்டலை ஐந்து, எல்லாம் பெரியவை;
அவற்றின் கீழே முழங்கால் உயரக் கன்று
ஒன்றுகூட இல்லை.
இறக்கை வைத்த காய்கள் சருகில் கிடந்தன
பறக்க நினைத்தது மறந்தவை போல.

துளைகருவியை நெஞ்சால் முட்டித்தான் திருப்பவேண்டும்.
முபாரிஸ் இரண்டு தரம் கை மாற்றினான்.
வெளியே வந்தது பென்சில் தடிப்பில் ஒரு குச்சி,
மரத்தின் முழு வயதும் அதற்குள்.

கச்சான் வீசும் மாதங்களில் மரம் வளராது.
வாடையோடு எழும்பும்.
நின்று எழும்பிய இடத்தில்
மயிரிழை அளவில் ஒரு வெளிர்கோடு.
ஆனால் ஆவணியில் ஒரு மழை
வழிதவறி வந்து விழுந்தால்
மரம் ஏமாறும்.
இரண்டு கிழமை வளர்ந்துபார்த்து
மறுபடி படுக்கும்.
ஒரே ஆண்டுக்கு இரண்டு கோடு.
பொய்வளையம் என்பது அதைத்தான்.

மரப்பட்டையிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போனேன்.
எண்பத்தேழில் அப்படியொரு சோடி.
உள்கோடு எண்பத்தாறா,
அல்லது எண்பத்தேழின் பொய்யா?
மூன்று மரத்தில் இரண்டு கோடு.
இரண்டு மரத்தில் ஒன்று.

மழைமானிப் பதிவேடு தேடிப் போனேன்.
அந்த ஆண்டுகளுக்குப் பக்கம் இருந்தது,
கட்டம் இருந்தது, எண் இல்லை.
மழை அளந்தவர் எந்தப் பக்கம் ஓடினார் என்று
கந்தோரில் யாருக்கும் தெரியவில்லை.

பேராசிரியர் விக்னராஜாவின் மின்னஞ்சல்:
முடிவெடுங்கள் துஷ்யந்தினி. உண்மையா, பொய்யா?

என் கோப்பிலும் ஒரு தாள் இருக்கிறது.
உத்தேச வயதுச் சான்றிதழ்.
முகாமில் வைத்தியர் என் வாயைத் திறந்து
பல்லைப் பார்த்தாராம்.
எண்பத்தாறு அல்லது எண்பத்தேழு என்றாராம்.
பள்ளியில் சேர்க்க வசதியென்று
எண்பத்தாறைப் பேனையால் முடித்துவைத்தார்.

அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.
ஆவணியில் எப்பவாவது பெருமழை பெய்ததா?
'பெய்ததே! ஆறு தாண்டேலாமல்
மருத்துவிச்சி அக்கரையிலேயே நிண்டவ.'
எந்த வருசம் அம்மா?
'நீ பிறந்த வருசம்.'
நான் எந்த வருசம் பிறந்தேன்?
'அந்த மழை வருசம் எண்டு சொல்லுறனே.'

முபாரிஸ் சிரித்தான். நானும்.
பிறகு குச்சியை மறுபடி வைத்துக்
குவியத்தைத் திருகினேன்.
உள்கோடு ஓரம் மங்கி
மெல்ல அடுத்த வளர்ச்சிக்குள் கரைந்திருந்தது.
நிசமான கோடு அப்படிக் கரையாது.

பொய், என்று அட்டவணையில் பதிந்தேன்.
மரத்துக்கு ஒரு வயது குறைந்தது.
எனக்கும்.
'மூலம்' என்ற நிரலில்
வாய்மொழி, பரமேஸ்வரி, கர்ப்பிணி என்று எழுதினேன்.
பேராசிரியர் வெட்டுவார்.

நூற்றுமூன்று பாகையில் காய்ந்த ஓக்கைத் தராசில் வைத்தேன்.
இன்னும் எடை இறங்குகிறது.
ஆய்வுகூட வாசலில் மான் ஒன்று
மாதிரிகளின் கடதாசிப் பையை
மோந்துகொண்டு நிற்கிறது.
யாராவது போய்த் துரத்தவேண்டும்.